கடைசி மஞ்சள் பிடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இன்று துவைத்து மடித்து மாடிக்கு அனுப்பிய விரிப்பு நாளைக்குக் கறையோடு அவளிடமே வந்து நிற்கும். அப்பாடா, முடிந்தது என்று மூச்சுவிட அந்த வேலையில் இடமே இல்லை. நாற்பத்தாறு வயதில் இவள் சுவரேறப் போவானேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஆனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை. தன்னைப் பற்றிச் சொல்வதும் பிறரிடம் ஒன்றைக் கேட்பதும் அவளுக்கு வராது.

ஏறிப் பழகும் அந்தச் சுவர் இருந்தது ரயில் பாதையை ஒட்டிய பழைய கிடங்கில். பலகைச் சுவர் முழுக்கக் கலர் கலராகப் பிடிகளைத் திருகி வைத்திருப்பார்கள். ஒரே நிறத்துப் பிடிகளை மட்டும் பற்றிப் போய், கடைசிப் பிடியில் இரண்டு கையையும் வைத்தால் அந்த வழியை முடித்ததாக அர்த்தம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு திங்கட்கிழமை, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி வேறு விதமாக மாட்டுவார்கள். கழுவுவது அவள் பொறுப்பு; அதனால் சந்தா கிடையாது. அங்கே எல்லோருக்கும் அவள் பல்லியக்கா.

பேர்தான் பெத்த பேர். இந்த இரண்டு வருடத்தில் அவள் ஏறி முடித்த வழிகளைவிட, முடிக்காமல் கழுவிய வழிகள்தான் அதிகம். இந்த முறை மஞ்சள். முதல் நாளே கடைசிப் பிடி வரை போய்விட்டாள். கவிழ்த்து வைத்த கிண்ணம் போல வழவழவென்று இருந்தது அது. கை வைத்ததும் வழுக்கியது. இந்த ஒன்றையாவது ஏறிவிட்டுக் கழுவ வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

விரலில் வலு போதவில்லை என்று அவளே முடிவு கட்டினாள். சமையலறை வாசலுக்கு மேலே ஒரு பயிற்சிப் பலகையை அடித்தாள். பத்து விநாடி விரல்நுனியில் தொங்க வேண்டும், மூன்று நிமிடம் ஓய்வு. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். அவள் ஓய்வை ஒரு நிமிடமாக்கினாள், விடும் நாளை விடாமல் தொங்கினாள். பகலெல்லாம் ஈர விரிப்புகளைத் தூக்கிய கை, சாயங்காலம் அவளைத் தூக்கியது.

கீழே நின்று அவளுக்குக் கயிறு பிடிக்கும் மருந்துக்கடைப் பெண் சொல்லிப் பார்த்தாள். "தொங்கும்போது விரல் வளராதுக்கா. சும்மா இருக்கும்போதுதான் வளரும்."

"சும்மா இருக்க யாரும்மா சொல்லிக் குடுத்தா?" என்றாள் இவள்.

வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவர். "என் கைதான் டூட்டி முடிஞ்சா எதுக்கும் ஆகாது. உன் கையும் போச்சுன்னா நமக்கு யாரு ஊட்டி விடறது?" என்று கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

ஒரு பயிற்சியை மட்டும் ஒழுங்காகச் செய்தாள். சுலபமான வழிகளில் காலடிச் சத்தமே கேட்காமல் ஏறி இறங்குவது. அது அழகாக வந்தது. ஆனால் ஏழாவது வாரம் ஒருநாள் காலையில் எழுந்தால் விரல் மடங்கவில்லை. மூட்டுக்கு மூட்டு வீக்கம். பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

கிடங்கின் வாசலில் ஒரு அட்டை தொங்கும்: கேட்காதவருக்கு வழி சொல்லாதீர்கள். அவரவர் வழியை அவரவர் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்கத்திய மரியாதை. அந்த இடத்தில் அவளுக்கு ரொம்பப் பிடித்ததே அந்த அட்டைதான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை நான்கு தடவை ஏறினாள். நான்கு தடவையும் காலில் குறை இல்லை, கடைசிப் பிடி வரை சுத்தமாகப் போனாள், கை வைத்தாள், வழுக்கிக் கயிற்றில் தொங்கினாள்.

"இன்னொரு தடவை பாக்கறீங்களாக்கா?"

"போதும்மா. இறக்கு."

இறங்கும்போது அழுகை வந்தது. அடக்க முயன்றாள், முடியவில்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்டினாள்.

திங்கட்கிழமை அவளுக்கு வார விடுமுறை. தொட்டியில் சோப்புத் தண்ணீர், பக்கத்தில் வாளி வாளியாகப் பிடிகள். கழுவும்போது அவள் எதையும் பார்ப்பதில்லை, சலவைக்கூடத்தில் பழகியது. கறையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மத்தியானம் சோறு இறங்காது. அன்றைக்கோ வீங்கின விரலுக்குள் பிரஷ் நிற்கவில்லை. உள்ளங்கையாலேயே மெதுவாகத் தேய்த்தாள்.

கடைசி மஞ்சள் பிடியைத் திருப்பித் தேய்க்கையில் கட்டைவிரல் எதிலோ இறங்கியது. மேல் ஓரத்தில், கீழிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கட்டைவிரலுக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு குழி. விரலை அதில் வைத்ததும் பிடி கைக்குள் வந்து உட்கார்ந்தது. சோப்பிலும் வழுக்கவில்லை. இதே பிடியை இதற்கு முன் எத்தனை தடவை கழுவியிருக்கிறாளோ. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

வாளி தூக்க வந்த மருந்துக்கடைப் பெண்ணிடம் அதைக் காட்டினாள். "இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா. எல்லாருக்கும் தெரியும்." அந்தப் பெண் தயங்கினாள். "நீங்க கேப்பீங்கன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவள் பிடியை அலசி, மற்றவற்றோடு காயப் போட்டாள். கோபப்பட ஆள் தேடினாள். தன்னைத் தவிர யாரும் அகப்படவில்லை. அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

வீட்டில் அவர் சாயங்கால வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"மஞ்சள் என்னாச்சு? ஏறிட்டியா?"

"இல்ல. கழுவிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. அவள் மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடி திரும்பவில்லை. துணியைச் சுற்றித் திருகினாள், பல்லால் கடிக்கப் போனாள். பிறகு அவரிடம் நீட்டினாள்.

"இதைக் கொஞ்சம் தெறந்து குடுங்க."

அவர் சட்டைப் பொத்தானை அப்படியே விட்டுவிட்டு வந்து வாங்கினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் அவரிடம் திறந்து தரச் சொன்ன முதல் பாட்டில் அது.