வெண்டைக்காய்ப் பெட்டியில் வேப்பிலை

நசரத்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, அக்கம்பக்கத்துச் சிறு விவசாயிகளின் வெண்டைக்காயைத் துபாய்க்கு அனுப்பும் வேலையில் இறங்கியிருந்தேன். என்னை நம்பி முதலில் சேர்ந்தவர் ஓர் அக்கா. அவருடைய துண்டு நிலத்தை லாரி நிறுத்தக் கேட்டு ஒருவன் நடையாய் நடந்துகொண்டிருந்தான். வீட்டில் எல்லோருக்கும் சம்மதம். அக்கா மட்டும், "இந்த ஒரு லோடு நல்லபடியா போவட்டும், இல்லாங்காட்டி நீங்க சொல்றா மாதிரியே குட்துடறேன்" என்று பிடிவாதமாக நின்றார்.

லோடு ஏற்றும் நாள் காலையில், எதற்கும் பார்ப்போமென்று ஒரு பெட்டியைத் திறந்தேன். காய்களுக்கு நடுவில் ஒரு கொத்து வேப்பிலை! அடுத்த பெட்டியிலும் அதேதான். வேறு செடியின் இலை ஒன்று கண்ணில் பட்டால் போதும், விமான நிலையச் சோதனையில் மொத்த லோடையும் திருப்பிவிடுவார்கள்.

"யாருக்கா இந்த வேலையப் பண்ணது?" என்று கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"நான்தாம்மா. மொத மொதல்ல கடல் தாண்டிப் போவுது, கண்ணு பட்டுடாது?"

"துபாய்ல எவன்க்கா வெண்டிக்காய்க்குக் கண்ணு வைக்கப்போறான்?"

"காய்க்கு யாரு வெச்சா? உனக்குத்தான் வெச்சேன். ஒரு பொம்பள தனியா ஷெட்டு போட்டுட்டாளேன்னு ஊரே உன்னியே பாத்துகினு கீது."

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. என் வீட்டிலேயே யாரும் எனக்காக இப்படிக் கவலைப்பட்டதில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்றுதான் கேட்டார்கள்.

அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். "இன்னாக்கா நீ, ஃபிளைட்டு நமக்கோசரம் நிக்குமா?" என்று திட்டிக்கொண்டே வேன் டிரைவரும் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு பெட்டியாகக் கொட்டி, இலையைப் பொறுக்கி, மறுபடி அடுக்கினோம். அக்கா மாங்காட்டு அம்மனிடம் வாய் ஓயாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பொறுக்கிய இலையைத் தூக்கிப் போட மனம் வராமல் ஷெட் வாசலில் கட்டினார்.

லோடு போய்ச் சேர்ந்தது. ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. அடுத்த வாரம் லாரிக்காரன் வந்தபோது நானும் நிலத்தில்தான் இருந்தேன். "இங்க வெண்டி கீது நைனா, வேற எடம் பாரு" என்றார் அக்கா, செடியிலிருந்து நிமிராமலே.

இப்போது பெட்டிகளில் காயைத் தவிர ஒன்றும் இருப்பதில்லை. வாசலில் கட்டிய கொத்து மட்டும் காய்வதற்குள் மாறிவிடுகிறது. ஒருநாளும் நான் மாற்றியதில்லை.