தகப்பன் இருக்க மீசை மழித்தவன்

அது பொய். எங்கள் ஊர்ப் பிரேமிளா கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் நின்று சொன்னது முழுப் பொய். படத்தில் தயாபரன் நடிக்கவே இல்லையாம், மனதில் கிடந்ததைத்தான் காட்டினானாம். தகப்பனை வாய்க்காலில் தள்ளியவனுக்கு நடிப்பு எதற்கு என்று கேட்டாளாம். கிளிநொச்சியில் படம் காட்டிய நாளிலிருந்து எங்கள் முரசுமோட்டை முழுக்க இதுதான் கதை. தயாபரன் என் பேரன். அவன் தள்ளியதாகச் சொல்லும் தகப்பன் யோகலிங்கம் நான் பெற்ற பிள்ளை. இரண்டு பேரையும் காலில் கிடத்திக் குளிக்க வார்த்தவள் நான். எனக்குத் தெரியாதது கடை வாசலில் நிற்கிறவளுக்குத் தெரியுமா?

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் அவனுடைய தங்கச்சி லக்சிகாவை இருத்தி வைத்துச் சொல்லி எழுதுவிக்கிறேன்.

தயாபரன் உழவு மெசின் ஓடுகிறவன். குரல் பெரிது. வரம்பில் நின்று அவன் கூப்பிட்டால் அடுத்த ஊர் கண்டாவளையில் மாடு திரும்பிப் பார்க்கும் என்று பகிடி பண்ணுவார்கள். ஆனால் வயலுக்கு மருந்தடித்துவிட்டு வந்தால், குளித்து முடியும் வரைக்கும் நாய்க்குட்டியைக்கூடக் கிட்ட விடமாட்டான், அதற்கு ஏதும் ஆகிவிடும் என்று. அப்படிப்பட்ட பிள்ளை.

அவனுக்குக் கோபம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் வயல் குடியேற்றத் திட்டத்தில் என் மனுசனுக்குக் கிடைத்த வயல். அதைத் துண்டு போட முடியாது, ஒரு பிள்ளையின் பேருக்குத்தான் எழுதலாம். யோகலிங்கம் தன் இளைய மகன் குகதாசனுக்கு எழுதப் போகிறேன் என்று நின்றான். குகதாசன் வவுனியாவில் கடையில் நிற்கிறவன், சேற்றில் கால் வைக்காதவன். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, காடாய்க் கிடந்த அந்த வயலை வெட்டித் திருத்தினவன் மூத்தவன் தயாபரன். கோபம் வராதா? தகப்பனும் மகனும் முகம் பார்த்துக் கதைப்பதை விட்டார்கள். உழவு எப்போது என்று கேட்பதற்கும் என்னைத்தான் நடுவில் வைத்தார்கள். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர் பேசாமல் இருந்தால் எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தட்டு வைக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், அதுதான் வீட்டில் கதை.

அந்த நேரத்தில்தான் படம் எடுக்கும் பிள்ளைகள் வந்தார்கள். தலைவன் சிவகரன், கிளிநொச்சி ரவுணில் இருப்பவன், மரியாதையான பிள்ளை. மெசின் வாடகைக்குக் கேட்க வந்த இடத்தில் தயாபரனின் குரலைக் கேட்டுவிட்டு, நீங்கள்தான் எனக்கு வேண்டும் என்று பிடித்துக்கொண்டான். என்ன கதை என்று நான் கேட்டேன்.

“ரஷ்யாக்காரர் ஒராள் எழுதின பழைய நாவல், ஆச்சி. ஒரு தகப்பன், அவருக்கு ஆம்பிளைப் பிள்ளையள். சொத்துக்குச் சண்டை. தகப்பனை ஆரோ அடிச்சுக் கொல்லுறாங்கள். மூத்தவன்தான் எண்டு ஊர் சொல்லுது. நாங்கள் அதை வன்னியில நடக்கிற மாதிரி எடுக்கிறம்.”

“அங்க நெல்லோ விதைக்கிறவை?”

“கோதுமை, ஆச்சி.”

“கோதுமைக்கும் அடிபடுவினமோ?”

பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டாமடா தம்பி என்று தயாபரனிடம் தனியாகச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. வீட்டில் வாய் திறக்க முடியாதவனுக்குக் கத்துவதற்கு ஓர் இடம் கிடைத்திருக்கிறது என்று எனக்குப் பட்டது.

தகப்பனாக நடிக்கப் புளியங்குளத்திலிருந்து மயில்வாகனம் வந்தார், பழைய கூத்துக்காரர். தயாபரன் தன்னுடைய பேச்சை வயலுக்குள் நின்று சத்தமாகச் சொல்லிப் பழகினான். நீ செத்தால்தான் எனக்கு விடியும் என்று ஒரு பேச்சு. களை பிடுங்க நின்ற பெண்கள் அதைக் கேட்டுவிட்டு வந்து ஊரெல்லாம் சொன்னார்கள், தகப்பனைத் திட்டுகிறான் என்று. தகப்பனை ஒரு நாளும் ‘நீ’ என்று சொல்லாத பிள்ளை அவன். அதையாவது யோசித்திருக்கலாம்.

மயில்வாகனம் நித்திரையில் கிடக்க, மகன் மண்வெட்டியோடு தலைமாட்டில் நிற்கும் கட்டத்தை எங்கள் வீட்டு விறாந்தையில்தான் எடுத்தார்கள். யோகலிங்கம் கிணற்றடியில் நின்று பார்த்தான். சரிவரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு தரமும் மண்வெட்டி உயர்ந்தது. யோகலிங்கம் முகம் கழுவுவதும் நிமிர்ந்து பார்ப்பதுமாக நின்றான். அன்று அவன் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

ஆனால் பிழை நடந்தது மண்வெட்டியால் இல்லை.

படத்தில் செத்த தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும். மொட்டைத் தலை மாதிரி ஏதோ ஓர் உறையைக் கொண்டுவந்து போட்டார்களாம். வன்னி வெயிலுக்கு அது உரிந்து உரிந்து வந்ததாம். வெளிச்சம் போகப் போகிறது என்று பிள்ளைகள் அந்தரப்பட, உண்மையாகவே மழித்துவிடுங்கோ என்று தயாபரன் குந்தி இருந்துவிட்டான். தலையும் போய் மீசையும் போயிற்று. மயில்வாகனம்கூட, நான் கூத்தில் எத்தனை தரம் செத்தவன், எழும்பி வந்து சோறு தின்கிறேனே என்று பகிடி விட்டாராம். மேடையில் சாகிறவனுக்கு அது பகிடி. வீட்டில் உயிரோடு தகப்பனை வைத்திருக்கும் மூத்த பிள்ளை மீசையை மழித்தால் அதற்கு என்ன கருத்து என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவனுக்கும்தான். அவன் களைத்துப்போய், கொள்ளி வைத்த ஈர வேட்டியோடு அப்படியே வீட்டுக்கு நடந்து வந்தான்.

வாசல் படலையில் முதல் கண்டவள் அவன் தாய் கமலாசனி. இடுப்பிலிருந்த குடம் விழுந்து உடைந்தது. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள், யார் செத்தது என்று தெரியாமலே. பிறகுதான் மூத்த மகன் யாருக்கு மழிப்பான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. மெல்லத் திரும்பிப் பார்த்தாள். யோகலிங்கம் விறாந்தைக் கதிரையில் உயிரோடு இருந்தான்.

அவன் எழும்பவில்லை. கதிரைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டான்.

“எனக்கோடா செய்துபோட்டு வாறாய்?”

தயாபரன் தலையைத் தடவினான். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அவன் முகம் போன போக்கை நான் கண்டேன், பிரேமிளா காணவில்லை. படத்துக்காகத்தான் அப்பா என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான். யோகலிங்கம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுவிட்டான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் பயம்தான் குடியிருந்தது. யோகலிங்கம் பயந்த மனிதன் இல்லை. முந்திய இடப்பெயர்வில் ஷெல் விழ விழ, குழந்தையாயிருந்த இந்தத் தயாபரனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவன். அவன் இப்போது வீட்டு மண்வெட்டியையும் கத்தியையும் தன் கட்டிலுக்குக் கீழே ஒளித்தான். கமலாசனி ஒரு வாய் குடித்துக் காட்டினால்தான் தேத்தண்ணீர் குடித்தான். மகனின் காலடி கேட்டால் சோற்றுக் கோப்பையை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் போய்விடுவான். பட் என்று தாழ்ப்பாள் விழும். கொஞ்ச நாளிலேயே மெலிந்து மெலிந்து அவனுடைய சாரம் இடுப்பில் நிற்காமல் போனது. மகனுக்குப் பயந்தே என் பிள்ளை செத்துப்போவானோ என்றுதான் எனக்குப் பயம். நான் தாழ்ப்பாளுக்கு வெளியே நின்று, இது வெறும் மயிரடா, முளைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் காலையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன யோகலிங்கம் வெயில் ஏறியும் வரவில்லை. தயாபரனையும் காணவில்லை. கமலாசனி என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வாயால் சொன்னால் நடந்துவிடும் என்பது போல இருந்தது. அதற்குள் படலையடியில் சனம் கூடிவிட்டது. அவர்கள் சொன்னார்கள்.

வரம்பால் ஓர் ஆள் வருவது தெரிந்தது. மொட்டைத் தலை, ஈரச் சாரம், முதுகில் தொங்கிக்கொண்டு ஓர் உடம்பு. சனம் ஐயோ என்று இரண்டு பக்கமும் விலகியது. தயாபரன் தகப்பனை எங்கள் விறாந்தையில், படத்துக்கு மயில்வாகனம் கிடந்த அதே இடத்தில் கிடத்தினான். பிரேமிளாவின் தம்பி பிரசாந்தன் பாய்ந்து அவனுடைய சட்டைக் கழுத்தைப் பிடித்தான். யோகலிங்கம் கண்ணைத் திறந்தான். திறந்ததும் கண்டது குனிந்து நின்ற அந்த மொட்டைத் தலையைத்தான். இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டான்.

“என்னை விட்டிடு தம்பி.”

அதை ஊரே கேட்டது. கேட்டதைத்தான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஊர் கேட்காததை நான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிவிட்டு, இந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நித்திரை கொள்ளவில்லை, அதனால் மயங்கி விழுந்திருக்கிறார் என்று டொக்டர் சொன்னார். யோகலிங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டு தன் வாயால் எனக்குச் சொன்னான். மதகில் குனிந்தானாம், கண் இருட்டியதாம், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாதாம். மகன் அந்தப் பக்கத்திலேயே இல்லையாம். தயாபரன் அடுத்த வயலில் மெசினில் நின்றவன், வாய்க்காலில் தகப்பனின் தொப்பி மிதந்து வந்ததைக் கண்டு ஓடிப்போய் இறங்கியிருக்கிறான். இதை ஊருக்குச் சொல்லு என்று நான் கெஞ்சினேன். ஊருக்கு விளக்கம் சொல்லித் திரிகிற ஆள் இல்லை என் பிள்ளை. அந்தப் பிடிவாதம் என்னிடம் இருந்து வந்ததுதான்.

வீட்டுக்கு வந்த பிறகும் தாழ்ப்பாள் விழுந்துகொண்டுதான் இருந்தது. நான் கதவைத் தட்டிக் கேட்டேன், உன்னைத் தூக்கி வந்தவன் அவன் என்று தெரிந்த பிறகும் எதற்கடா இது என்று.

“தெரியும் அம்மா. எனக்கு எல்லாம் தெரியும். அவன்ர தலையைக் கண்டால் சோறு இறங்குதில்லை. நான் என்ன செய்ய?”

குசினி வாசலில் தயாபரன் நின்றான். கேட்டுவிட்டான்.

அடுத்த நாள் காலையில் ஒரு பையில் நாலு உடுப்பை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். புளியங்குளத்தில் மயில்வாகனத்துக்குத் தெரிந்த ஓர் ஆளிடம் அறுவடை மெசின் ஓடப் போகிறேன் என்றான். நான் அவன் பையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு மாதம் பொறு, மயிர் முளைத்தால் எல்லாம் சரி என்றேன்.

“முளைக்கிற வரைக்கும் அவர் சாப்பிடமாட்டார், அப்பம்மா.”

வயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கமலாசனி அழுதுகொண்டே கட்டிக்கொடுத்த இடியப்பத்தை வாங்கிக்கொண்டான். அறை வாசலில் வந்து நின்றான். பிறகு, நான் போறன் அப்பா என்று தன் பெரிய குரலில், உள்ளே கேட்கத்தக்கதாகச் சொன்னான். எனக்குத் தெரியும், அது விடை கேட்டதில்லை. இனிப் பயப்பட வேண்டாம் என்று சொன்னது.

அவன் ஓடினான் என்று பிரேமிளா சொல்கிறாள். ஓடுகிறவன் படலையைச் சாத்திவிட்டு வேலியோர ஒழுங்கையில் நிற்பானா? அவன் நின்றான். வேலிக்கு மேலால் அந்த மொட்டைத் தலை எனக்குத் தெரிந்தது. காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான். கனநேரத்துக்குப் பிறகு அறைக்குள் தாழ்ப்பாள் மெல்ல இழுபட்டது. கதவு திறந்தது. என்னுடைய பிள்ளை வெளியே வந்து, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான்.

வேலிக்கு மேலே பார்த்தேன். அந்தத் தலை அதற்குப் பிறகுதான் நகர்ந்து போனது.