ஓரகத்தி வீட்டு நீலக் கூரை

என் ஓரகத்தி வீட்டுக்கு நீல நிறத் தகர ஷீட் வந்து இறங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஆணி அடிக்கிற சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு அடியும் என் மண்டையில் விழுந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்களுடையது முன்பு ஒரே வீடு. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவரை எழுப்பி, கிழக்குப் பாதியை என் கணவரின் அண்ணனுக்கும் மேற்குப் பாதியை எங்களுக்கும் கொடுத்தார்கள். காலை வெயில் அவளுக்கு, மாலைப் புழுக்கம் எனக்கு. அதையாவது பொறுத்துக்கொண்டேன். கூரை மட்டும் பிரியாமல் ஒரே ஓட்டுக் கூரையாக இருந்தது. கோயில் குரங்குகள் ஓடியாடி ஓட்டை உடைக்கும், மழை வந்தால் இரண்டு வீட்டிலும் சேர்ந்தே ஒழுகும். அந்தச் சமத்துவம் எனக்குப் பிடித்திருந்தது.

கார்த்திகையில் மழை விட்டதும் அவள் முந்திக்கொண்டாள். ஒரே கூரையில் பாதி பளபளவென்று நீலம், பாதி பாசி பிடித்த ஓடு. யார் வீடு எது என்று தெருமுனையிலிருந்தே தெரிந்தது. ஐயம்பேட்டையிலிருந்து என்னைப் பார்க்க வந்த என் அம்மா, ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியதும் என் முகத்தைப் பார்க்கவில்லை, அண்ணாந்து அதைத்தான் பார்த்தாள். ஜம்மென்று இருக்கிறது என்றும் சொன்னாள். பெற்ற தாய்.

போதாததற்கு, கண் படாமல் இருக்க ஒரு திருஷ்டி பொம்மையைக் கட்டினாள் ஓரகத்தி. தெருவைப் பார்த்துக் கட்டுவதுதானே முறை? அது நேராக என் வாசலைப் பார்த்து நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. கோலம் போடக் குனிந்தாலும் அது தெரியும், நிமிர்ந்தாலும் அது தெரியும்.

எங்களுக்கும் ஷீட் வேண்டும் என்றேன். என் கணவர் தறியை விட்டு எழுந்திருக்காமலே, தை பிறக்கட்டும் என்றார். மார்கழியில் யாரும் வீட்டு வேலை தொடங்குவதில்லை. அதோடு, தறியில் ஒரு முகூர்த்தப் பட்டு ஓடிக்கொண்டிருந்தது. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, தையில் கல்யாணம். அவர் உடலை நெய்ய, பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையை எறிவது என் வேலை. நெய்து முடித்து, தறியில் நீட்டியிருக்கும் பாவு நூலை அறுத்து எடுத்த பிறகு கூரையைத் தொடலாம் என்பது அவருடைய நியாயம்.

நியாயம்தான். ஆனால் ஒரு மார்கழி முழுக்க அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. புதிதாக வீடு கட்டினால்தான் மாதம் பார்க்க வேண்டும், இது வெறும் ரிப்பேர் என்று வாதாடினேன். நாடாவை வேண்டுமென்றே தாமதமாக எறிந்தேன். கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு ஒத்துக்கொண்டார்.

பாவின்மேல் பழைய வேட்டிகளையும் தார்ப்பாயையும் போர்த்திவிட்டு ஓட்டைப் பிரித்தார்கள். பழைய மரச் சட்டங்களின் மேலேயே ஷீட்டை அடித்தார்கள். அவளுடையதைவிட ஒரு சாயல் அடர்த்தியான நீலமாகப் பார்த்து எடுத்திருந்தேன். இறக்கிய ஓடுகளை, முசரவாக்கத்தில் மாட்டுக் கொட்டகை போடுகிற ஒருவர் கேட்க, ஒன்று பாக்கியில்லாமல் அள்ளிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். ஓரகத்தி தன் பழைய ஓடுகளைப் பின்கட்டில் அடுக்கி வைத்திருந்தாள். குப்பையைக்கூடக் கொடுக்க மனம் வராதவள் என்று குழாயடியில் நான் பேசியது அவள் காதுக்கும் போயிருக்கும்.

இரண்டு நாள் நான் மிதந்தேன். பிறகு குளிர் இன்னும் கடுமையானது.

அன்று விடியற்காலை எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. நான் அடுப்பில் உலை வைத்திருந்தேன், அவர் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்திருந்தார். "இங்க வா" என்றார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தால், பாவின்மேல் ஒரு சொட்டு. நான் பார்க்கும்போதே பக்கத்தில் இன்னொன்று. பாவுக்குக் கஞ்சி போட்டிருப்பதால் ஈரம் பட்ட இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஆணி ஓட்டையில் ஒழுகுகிறது என்றுதான் முதலில் நினைத்தோம். ஏணி போட்டு ஏறி ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தடவியவர், நனைந்த உள்ளங்கையை எனக்குக் காட்டினார். கூரை முழுக்க உள்ளே வியர்த்திருந்தது.

"ஓட்டுல சந்து இருந்துது, சோத்து ஆவியெல்லாம் அப்படியே வெளிய போச்சு. இப்ப எங்க போவும்? உன் பட்டு மேலதான் வரும்."

பிளாஸ்டிக் போர்த்தினால் நெய்ய முடியாது. வெயில் ஏறும்வரை காத்திருந்தால் தைக்குள் முடியாது. இன்னும் சில நாள் இப்படியே நனைந்தால் ஜரிகை கறுத்துவிடும், சாயத்தில் திட்டு விழும். முகூர்த்தப் புடவையில் திட்டு என்றால் அந்தப் பெண் வீட்டார் மட்டுமல்ல, பாவு கொடுத்த முதலாளியும் இனி எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

எனக்கு அப்போதும் வயிற்றெரிச்சல் எங்கே போயிற்று என்கிறீர்கள்? அவள் பக்கம்தான். அதே ஷீட், அதே பனி. அவள் வாயிலிருந்து மட்டும் ஒழுகுகிறது என்று ஒரு வார்த்தை வந்ததில்லை. அவள் கூரை மட்டும் எப்படி ஒழுகாமல் இருக்கும்? மூத்த மருமகளுக்கு மார்கழிகூட மரியாதை கொடுக்கிறதா? கேட்டுவிடுவது என்று, குரல் கொடுக்காமல் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

கூடம் முழுக்க, ஷீட்டுக்கு அடியில் பழைய நூல் புடவைகளைப் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டியிருந்தாள். ஒவ்வொன்றும் நீரில் கனத்துத் தொங்கியது. கீழே அண்டா, பக்கெட், குழம்புச் சட்டி. அவள் நாற்காலி மேல் நின்று ஒரு புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர்கள் எப்போதோ தறியை விட்டுவிட்டார்கள், அண்ணன் கம்பெனி வேலைக்குப் போகிறார். நனைவதற்கு அங்கே பட்டு இல்லை, பாய்தான் இருந்தது.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க ஓட்டப் பிரிச்சிருக்க மாட்டோமே."

அவள் நாற்காலியை விட்டு இறங்கி, ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள்.

"நீ தெனம் அண்ணாந்து பாத்துக்கினே போவ. இந்த ஊட்டுக்கு வந்ததுலேந்து என்னை யாரும் அப்படிப் பாத்ததில்லம்மா. மொதப் பனியிலேந்தே ஒழுவுதுன்னு சொல்லி அத கெடுத்துக்க மனசு வரல."

எனக்குக் கோபம்தான் வந்தது. அவளே பின்கட்டுக் கதவைத் திறந்தாள். சாக்குப் போட்டு மூடி, அடுக்குக் குலையாமல் அவளுடைய பழைய ஓடுகள் இருந்தன. தறிக்கு மேல் போட இது போதும், எடுத்துக்கொள் என்றாள்.

அன்று வெயில் ஏறியதும் அண்ணனும் தம்பியும் மேலே ஏறினார்கள். தறிக்கு நேராக இருந்த ஷீட்டுகளைக் கழற்றிவிட்டு, அந்தச் சட்டங்களின் மேலேயே ஓட்டை வேய்ந்தார்கள். கீழே அவள் ஒவ்வொரு ஓடாக எடுத்துக் கொடுக்க, நான் வாங்கி மேலே நீட்டினேன். பனி ஊறிய ஓடுகள் கையில் ஜில்லென்று இருந்தன. தெருவில் போகிறவர்கள் நின்று, பெரியவளுக்கு என்ன மனசு பார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் கேட்டது.

பட்டில் திட்டு விழவில்லை. தையில் பாவை அறுத்து, மடித்து, நேரத்துக்குக் கொடுத்தோம். அவள் அந்தப் பொம்மையைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டிவிட்டாள். என் கணவர் இப்போது அண்ணி என்றால் ஒரு படி கூடுதலாகவே உருகுகிறார். தறியில் உட்காரும்போதெல்லாம் என் தலைக்கு மேல் அவளுடைய ஓடுகள். நீலக் கூரை மேல் எனக்கிருந்த பொறாமை அன்றோடு போய்விட்டது. கொடுக்கிற இடத்தில் அவளும் வாங்குகிற இடத்தில் நானும் நின்றோமே, அந்தப் பொறாமை மட்டும் போகவில்லை.