அடைப்புன்னு சொன்ன படம்

கருக்குழாய்க்குள்ள மருந்தை ஏத்தி எக்ஸ்ரே எடுப்பாங்களே, அந்த டெஸ்டுக்கு என்னைப் படுக்க வெச்சப்ப வலிக்கு ஒரு மாத்திரைகூட குடுக்கல. உசுரே போச்சு, கத்திட்டேன். "இதுக்கே இப்டின்னா புள்ளை எப்டிம்மா பெத்துப்பே?"ன்னு கூட நின்ன நர்ஸம்மா அதட்டினாங்க. இன்னிக்கும் நெனைச்சா எனக்குப் பத்திக்கினு வருது.

ரெண்டு குழாயும் அடைப்புன்னு ரிப்போர்ட் வந்துச்சு. படத்தை வாங்கிக்கினு நானும் என் வூட்டுக்காரரும் மூங்கில்துறைப்பட்டுக்கு, மாமியார் வூட்டுக்குத் திரும்பினோம். கால் ஒடஞ்ச படம் பாக்கற மாதிரி மாமியார் அதை வாசல்லயே வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சாங்க. டிராக்டர்ல கரும்பு ஏத்திக்கினு இருந்த ஆளுங்க வரைக்கும் வந்து எட்டிப் பாத்தாங்க. மாமனாரோட தம்பி வெரலை வெச்சு, "இதோ, இங்கதான் அடைச்சிருக்கு"ன்னு காட்டினாரு. எது குழாய், எது எலும்புன்னு அவருக்கு இன்னா தெரியும்? என் வயித்துக்குள்ள இருக்கறதை ஊருக்குக் காட்ட இவங்கல்லாம் யாரு? படத்தைப் புடுங்கி உள்ள வெக்காம என் வூட்டுக்காரரு மரமாட்டம் நின்னாரு.

கொஞ்ச நாள்லயே சங்கராபுரம் பக்கம் அவருக்கு வேற பொண்ணு பாக்கறாங்கன்னு காதுல விழுந்துச்சு. கேட்டேன். "அம்மாதான் பேசிக்கினு இருக்காங்க"ன்னாரு. இல்லைன்னு ஒரு வார்த்தை வரல. துணியையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கினு மணலூர்பேட்டைக்கு, அண்ணன் வூட்டுக்கு வந்துட்டேன்.

அண்ணிதான் என்னைக் கள்ளக்குறிச்சியில வேற ஒரு டாக்டரம்மாகிட்ட கூப்டுகினு போனாங்க. அவங்க படத்தைப் பாத்துட்டு மொதல்ல கேட்டதே, "எடுக்கும்போது ரொம்ப வலிச்சுதா?"ன்னுதான். அப்பறம் பொறுமையா சொன்னாங்க: "வலியில குழாய் இறுக்கிக்கும்மா. மருந்து போவாது. படத்துல அடைப்பு மாதிரியே தெரியும். தொறந்திருக்குன்னு இந்த டெஸ்ட் சொன்னா பெரும்பாலும் நம்பலாம். அடைப்புன்னு சொன்னா அதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது."

அடப்பாவிங்களா! இந்த நாலு வார்த்தையை அன்னிக்கே அங்க யாராச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?

அடுத்த மாசம் வலிக்கு ஊசி போட்டு, மறுபடியும் எடுத்தாங்க. மருந்து ரெண்டு பக்கமும் தடையில்லாம போச்சு. அண்ணி சந்தோஷத்துல அழுதாங்க. நானும் அழுதேன், ஆத்திரத்துல.

சேதி எப்டியோ போயி சேந்து, மறுநாளே என் வூட்டுக்காரரு சிரிச்சுக்கினே பைக்ல வந்து எறங்கினாரு. "அதான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே, கெளம்பு. அம்மா வரச் சொன்னாங்க."

"இப்பவும் அடைப்புன்னே வந்திருந்தா என்னைக் கூப்புட வந்திருப்பீங்களா?"ன்னு கேட்டேன்.

"அப்டி வரலியே, அதை ஏன் இப்ப பேசறே?"

"உங்கம்மாவை அந்தப் பொண்ணையே பேசி முடிக்கச் சொல்லுங்க"ன்னுட்டு உள்ள போயிட்டேன்.