ஈரத்தில் கருகிய மஞ்சள்

பெருந்துறைக்குத் தெற்கே எங்கள் கிணறு பொதுக்கிணறு. ஒருநாள் என் தம்பியின் முறை, மறுநாள் பங்காளியான சித்தப்பா மகன் முறை. கிணறு வற்றியதும் தம்பி தன் வயற்காட்டில் ஆழ்துளைப் போர் போட்டு, அந்தத் தண்ணீரைக் கிணற்றில் விட்டு, அங்கிருந்து மஞ்சளுக்குப் பாய்ச்சினான். இலை கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் பாய்ச்சினான். கருகல் கூடியது. பங்காளி தண்ணீர் திருடுகிறான் என்று முடிவு கட்டினான்.

அன்று காலை கருகிய பாத்திகளை எண்ணப் போனேன். தாவரவியல் வாத்தியார் வேலை போயும் எண்ணும் வியாதி போகவில்லை. நாற்பதில் முப்பத்தொன்று போயிருந்தது. செருப்போ சேற்றில் புதைந்தது. இத்தனை ஈரத்தில் எப்படி வாடும்? வரப்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை நாக்கில் வைத்தேன். உப்பு. வீட்டுக் குழாயில் காவேரித் தண்ணீர் வந்தபின் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்க எங்களில் ஆளில்லை.

கிணற்றடியில் கூச்சல். தன் முறைக்கு மோட்டார் போட வந்த பங்காளியின் சட்டையைத் தம்பி பிடித்திருந்தான்.

"என்ற தண்ணியத் திருடிப்போட்டு மூஞ்சியப் பாரு!"

"திருடி நான் என்ன கப்பலா உடப் போறேன்? என்ற தென்னையுந்தான் காயுதுங்ணா!"

"விடுடா! மஞ்சளக் கருக்குனது உப்புடா!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். "உப்பு உள்ளே போனா செடிக்குள்ள வேலை செய்யற நொதி ஒண்ணும் ஒழுங்கா ஓடாது. அந்த உப்ப வெளிய தள்ளியே செடி தன் சக்தியெல்லாம் எரிச்சுத் தீக்குது. கிழங்குக்கு என்ன மிஞ்சும்?"

"வாத்தியாரு பாடத்த அப்பறம் நடத்துங்க!" என்றான் தம்பி.

அவன் மறுகையில் இருந்த மம்பட்டிக் காம்பு இறங்கியது. பங்காளியின் முன்கை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அவன் சுருண்டு விழுந்தான். நெற்றி கிணற்று மேட்டில் மோதி ரத்தம் வழிந்தது. பயந்துபோன தம்பி, கிணற்றில் கொட்டிக்கொண்டிருந்த போர்க் குழாயிலிருந்து கைநிறையத் தண்ணீர் பிடித்து அவன் வாயில் ஊற்றினான்.

அவன் துப்பினான். "கரிக்குதுங்ணா..."

தம்பி ஒரு வாய் குடித்தான். என்னைப் பார்த்தான். பிறகு அதே மம்பட்டியைத் திருப்பி, தான் போட்ட போரின் குழாயை வெறியோடு வெட்டினான். வெட்ட வெட்டத் தண்ணீர் எங்கள் மூவர் மேலும் பீறிட்டது.

"அண்ணா, மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க," என்றான் பங்காளி, கையை மார்போடு அணைத்தபடி. "அப்பறமா ஒடச்சுக்கங்க."

தம்பிக்கு அது காதில் விழவில்லை. உடைந்த குழாயின் தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, மிச்சமிருந்த ஒன்பது பாத்திகளை நோக்கி ஓடியது. போர் மோட்டாரை நிறுத்த நான் ஓடினேன்.