பொட்டு வைத்த பைல்

கம்ப்யூட்டர் ரிப்பேர்காரனுக்குப் பாதி வேலை மெஷினோடு, மீதி வேலை அதை முறைத்துக்கொண்டு நிற்பவரோடு. பைலுக்குப் பேர் மாற்றப்போய் வேர்த்துப்போன கூட்டாளிகளே, வால்பாறையில் மவுஸுக்குள்ளிருந்து அரை அடி அட்டைப்பூச்சியை உருவிப்போட்டவன் நான். அப்படிப்பட்ட என்னையே ஓடவிட்டது போத்தனூரில் ஒரு பம்ப் பட்டறை.

மாட்டேன் என்றது

பட்டறை பழனிசாமிக்கும் அவர் மச்சினன் செல்வராசுக்கும் கூட்டு. ஆபீசில் விண்டோஸ், செல்வராசு பார்க்கும் கடைசல் மெஷின் கம்ப்யூட்டரில் லினக்ஸ். புது ஆர்டர் டிராயிங்குக்குப் பேர் மாற்ற முடியவில்லை என்று பழனிசாமி போன் போட்டார். போய்ப் பார்த்தால், அதே டிராயிங் பின்னால் திறந்தே கிடக்கிறது. திறந்து கிடந்தால் விண்டோஸ் விடாது, லினக்ஸ் கண்டுகொள்ளாது என்று சொல்லி மூடிக் கொடுத்தேன். அவர் முகம் தெளியவில்லை.

"மச்சினன் மெஷின் மட்டும் சொன்னதெல்லாங் கேக்குதுங்களே, அதுல என்னமோ இருக்குதுங்க."

காணோம்

மறுநாள் மறுபடி போன். நான் வண்டியை விரட்டிய வேகத்தில் சுந்தராபுரம் சிக்னலே பயந்து பச்சையானது. டிராயிங்கை ஆபீசில் நகல்கூட வைக்காமல் பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார் பழனிசாமி. செல்வராசு செருகினால் உள்ளே ஒன்றுமில்லை. மச்சினன் அதை வேறு கம்பெனிக்கு விற்றுவிட்டு அழித்துவிட்டான் என்று முடிவே கட்டிவிட்டார். திருட்டுக் கொடுத்தவர்கள் மிளகாய் அரைத்துப் பூசி முறையிடும் ஆனைமலை மாசாணியம்மனிடம் போவதற்குக் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

"கூட்டு இன்னைக்கோட முடிஞ்சுதுங்க. அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன், எடுத்தவன் ஒடம்பு எரியட்டும்."

அகப்பட்டது

செல்வராசு பென் டிரைவைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருந்தான். எனக்கு இருப்புக்கொள்ளாமல் பழனிசாமிக்குப் போன் போட்டேன். கார் பொள்ளாச்சி போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் என்ன பேர்தான் வைத்தீர்கள் என்று கேட்டேன். பட்டறையில் பொட்டு வைக்காமல் எந்தப் புது வேலையும் தொடங்க மாட்டோம், அதனால் பேருக்கு முன்னால் ஒரு புள்ளியைப் பொட்டாக வைத்ததாகச் சொன்னார்.

அங்கேதான் வினை. முன்னால் புள்ளி இருந்தால் விண்டோஸ் சும்மா விட்டுவிடும். லினக்ஸோ அந்தப் பைலை ஒளித்து வைத்துவிடும். மறைந்ததைக் காட்டும் பட்டனைத் தட்டினேன். டிராயிங் பொட்டும் கையுமாக வந்து நின்றது. பொள்ளாச்சியில் மிளகாய் வாங்கிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொல்லி, போனைச் செல்வராசிடம் நீட்டினேன்.

"அந்த மொளகாய ஊட்டுக்கே கொண்டு வாங்க மாமா. எந்தம்பியவா திருடன்னீங்கன்னு அக்காளே அரைச்சுப் பூசி உடுவா."

கூட்டு இன்றைக்கும் நடக்கிறது. பொட்டு மெஷினுக்கு மட்டும்தான், பைல்கள் வெறும் நெற்றியோடு நிம்மதியாக இருக்கின்றன.