வீரையன் சொன்ன காரணங்கள்

பட்டுக்கோட்டைக் கடைத்தெருவில் ஜாஃபர் சாதிக்கின் ஹார்டுவேர் கடைக்குக் கூட்டம் காலையில்தான். கொத்தனார்களும் பிளம்பர்களும் வேலைக்குப் போகிற வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, "பாய், முக்கா இஞ்சு பைப்பு ரெண்டு, எல்போ பத்து, சீக்கிரம்" என்று அவசரப்படுவார்கள். பைப்பை அளந்து அறுத்துக் கொடுக்க வேண்டியவர் வீரையன். சரியாக அந்த நேரத்தில் அவர் மட்டும் இருக்கமாட்டார்.

கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். ஐம்பதைத் தாண்டிய ஆள், ஒல்லியான உடம்பு. வேப்பங்குடியில் வீடு. கொஞ்சம் குத்தகை நிலம் உண்டு, அதை மனைவி நீலாம்பாள் பார்த்துக்கொள்கிறாள். வந்துவிட்டால் வீரையனைப் போல வேலை செய்ய ஆள் கிடையாது. சிமெண்டு மூட்டையை இறக்குவார், பெயிண்டு டப்பாக்களை அடுக்குவார், ராத்திரி ஷட்டரை இழுத்துப் பூட்டுகிறவரை ஒரு முகச்சுளிப்பு இருக்காது. வருவதில்தான் கோளாறு.

ஜாஃபர் சாதிக்கின் மகள் ரிஃப்கா பி.காம் முடித்துவிட்டுக் கடையில் உட்கார ஆரம்பித்தபோது, வாப்பா அவளிடம் முதலில் ஒப்படைத்த பொறுப்பு வீரையனைக் கேள்வி கேட்பதுதான்.

"எனக்குச் சிரிப்பு வந்துருதும்மா. சிரிச்சதுக்கு அப்புறம் எப்படித் திட்டுறது? நீ கேளு" என்றார்.

ரிஃப்கா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏண்ணே லேட்டு?"

"பஸ்ஸு சீக்கிரமா வந்துருச்சு பாப்பா."

"சீக்கிரம் வந்தா நீங்களும் சீக்கிரம் வந்திருக்கணுமே?"

"அது சீக்கிரம் வந்துச்சு. நான் சரியான நேரத்துக்குல்ல போனேன்?"

அன்றைக்கே அவளுக்கும் தெரிந்துவிட்டது, தன்னாலும் இது ஆகாது என்று.

இன்னொரு நாள் அவர் நொண்டி நொண்டி வந்தார். காலைப் பார்த்தால் இரண்டும் இடது செருப்பு. "இருட்டுல மாட்டிகிட்டு வந்துட்டேன். இதைப் போட்டுகிட்டு நடந்தா ஒரு பக்கமாவே இழுக்குது பாப்பா, நேரா வர முடியல." இன்னொரு நாள் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, பல்வலி. யாருக்கு? பக்கத்து வீட்டுக்காரருக்கு. திருக்கடையூரில் மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம் என்று ஒரு வருஷம் ஒரு நாள் லீவு போட்டார். அடுத்த வருஷமும் அதே மச்சானுக்கு அதே திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். கேட்டதற்கு, "போன தடவை வயசைத் தப்பா கணக்குப் பண்ணிட்டாங்க பாப்பா. சாமி காரியம், சரியா செஞ்சிரணும்ல?" என்றார்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது சாவு வீட்டுக் காரணம். ஒன்றுவிட்ட பெரியப்பா போய்விட்டார் என்று தகவல் வந்து மாலையோடு போயிருக்கிறார். "போய்ப் பார்த்தா, ஆளு கட்டில்ல உட்கார்ந்து காப்பி குடிச்சுகிட்டு இருக்காரு. பொழைச்சுட்டாரேன்னு உடனே எந்திரிச்சு வந்துர முடியுமா? கோவிச்சுக்க மாட்டாரு?"

"மாலையை என்ன பண்ணீங்க?"

"அவருக்கேதான் போட்டேன். வாங்குனது வாங்குனதுதானே."

தினமும் மதியம் அதிராம்பட்டினத்து வீட்டிலிருந்து உம்மா சைத்தூன் பீவி போன் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு என்னவாம்?" என்பாள். ரிஃப்கா சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாகும். வீரையன் நேரத்தோடு வந்துவிட்ட நாளில் உம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ரிஃப்காவுக்குக் கோபம் வடிந்து, நாளாக நாளாக ஒரு பிரமிப்பே வந்துவிட்டது. அந்த அறுபதாம் கல்யாணத்தைத் தவிர, ஒரு தடவை சொன்னதை அந்த மனிதர் மறு தடவை சொன்னதில்லை. கல்லூரியில் அவளும் பொய் சொல்லியிருக்கிறாள். தலைவலி, காய்ச்சல், மறுபடி தலைவலி. அதற்கு மேல் அவளுக்கு ஓடியதில்லை. இவருக்கு எங்கிருந்து ஊறுகிறது?

மேட்டூர் அணையைத் திறந்து, பிறகு கல்லணையையும் திறந்துவிட்டதாக டிவியில் சொன்ன ஆனி மாதம் அது. கடைமடைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு நாள் விடியற்காலையில் வீரையன் போன் செய்தார்.

"பாப்பா, வயித்துவலி. தாங்க முடியல. வர நேரமாகும்னு முதலாளிகிட்ட சொல்லிரு."

குரலில் வலியே இல்லை. பின்னால் மைனாக்கள் கத்துவது மட்டும் நன்றாகக் கேட்டது. வயிற்றுவலி என்பது அவருடைய தரத்துக்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று ரிஃப்காவுக்குத் தோன்றியது.

அன்றைக்கு அவளுக்கே வேப்பங்குடியில் ஒரு வேலை இருந்தது. துபாயில் இருக்கும் ஒருவர் அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் பெயிண்டு நிற அட்டையைக் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகலாம் என்று ஸ்கூட்டரில் கிளம்பினாள். ஊருக்குள் நுழைவதற்கு முன், கல்லணையிலிருந்து வரும் புது ஆற்றின் கிளை வாய்க்கால் ஒன்று குறுக்கே போகிறது, மேலே சின்னப் பாலம். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் வீரையன் சமீபத்தில் வாங்கியிருந்த பழைய மொபெட் சாய்ந்து நின்றது.

எட்டிப் பார்த்தாள். காய்ந்து வெடித்துக் கிடந்த வாய்க்காலின் நடுவே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீரையன் நின்றிருந்தார்.

"வீரையண்ணே! வயித்துவலின்னு சொன்னீங்க?"

பிடிபட்ட திருடனைப் போலத் திரும்பினார். உடனே விரலை உதட்டில் வைத்தார். "சத்தம் போடாத பாப்பா. மெதுவா இறங்கி வா."

"என்னண்ணே?"

"தண்ணி வருது."

அவள் மேற்கே பார்த்தாள். வெடித்த மண், காட்டாமணக்குப் புதர், யாரோ எறிந்த பிளாஸ்டிக் குடம். வேறொன்றும் இல்லை. பிறகுதான் காதில் விழுந்தது. தூரத்தில் அடுப்பில் எதுவோ தாளிப்பது போல ஒரு சரசரப்பு. வளைவைச் சுற்றிக்கொண்டு அது வந்தது.

ஆறு வருவதென்றால் அலையடித்து வரும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இது பழுப்பு நுரையாக, ஒரு நாக்கு போலத் தரையைத் தடவித் தடவி, மனிதன் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக வந்தது. முன்னால் சருகையும் வைக்கோலையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அதை நிரப்பி, குமிழியாகப் பொங்கி, பிறகு அடுத்த வெடிப்புக்கு நகர்ந்தது. வெடிப்புக்குள்ளிருந்து வண்டுகளும் பூரான்களும் தெறித்து ஓடின. பின்னாலேயே கொக்குகள், மைனாக்கள், வாலை ஆட்டும் கரிச்சான்கள். பிறந்ததிலிருந்து சோறு தின்கிறாள். அந்தச் சோறு இப்படித்தான் ஊருக்குள் நடந்து வருகிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

"அதைப் பார்க்கல நான். அங்க பாரு" என்று வீரையன் வேறு பக்கம் காட்டினார்.

வாய்க்காலின் நடுவில் சரளைக்கல் மேடு ஒன்று. அதன் மேல் ஓர் ஆட்காட்டிக் குருவி நின்றது. நீண்ட மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தசை. அதன் காலடியில் கற்களோடு கற்களாக நான்கு முட்டைகள்.

"காஞ்ச தரைன்னு நம்பி வச்சிருச்சு. ராத்திரியே தண்ணி வருதுன்னு கேள்விப்பட்டேன், விடியும்போதே வந்துட்டேன். எடுத்து மேல வைக்கலாமா, கைபட்டா விட்டுட்டுப் போயிருமான்னு ஒண்ணும் தெரியலம்மா. அதான் நின்னுகிட்டே இருக்கேன்."

ரிஃப்காவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் நின்றார்கள்.

தண்ணீர் மேட்டை நெருங்கியது. குருவி ஓடிவிடும் என்று ரிஃப்கா நினைத்தாள். அது முட்டைகளைத் தாண்டி முன்னால் வந்தது. இரண்டு சிறகையும் அகல விரித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக் கத்தியது. ஆட்டை விரட்டுவது போல, நாயை விரட்டுவது போல, அவ்வளவு பெரிய ஆற்றை அந்தக் கையளவு குருவி விரட்டியது. நுரை அதன் காலைத் தொட்டது. அது நகரவில்லை. தண்ணீர் மேட்டுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து சுற்றிக்கொண்டது.

"எடுங்கண்ணே!" என்று ரிஃப்கா கத்திவிட்டாள்.

வீரையன் பாய்ந்தார். குருவி எழும்பி அவர் தலையைக் குறிபார்த்து இறங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டே நான்கு முட்டைகளையும் துண்டில் ஏந்தினார். ரிஃப்கா அதற்குள் கரைச்சரிவில் ஏறி, செடி இல்லாத ஓரிடத்தில் கையால் மண்ணைப் பறித்துக் குழியாக்கி, பொடிக்கல்லாகப் பொறுக்கிப் போட்டாள். அவர் முட்டைகளை ஒவ்வொன்றாக, கூர்முனை உள்ளே பார்த்தபடி, முன்பு இருந்தது போலவே வைத்தார். இருவரும் ஓடிவந்து காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் குந்தினார்கள்.

சரளை மேடு முழுகிவிட்டது. குருவி அதற்கு மேலேயே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ரிஃப்காவின் போன் அதிர்ந்தது.

"எங்கம்மா இருக்க? கடையில ஆளு நிக்குது" என்றார் வாப்பா.

"வாப்பா... வண்டி பஞ்சர்" என்று கிசுகிசுத்தாள்.

"பஞ்சர்னா ஏன் ரகசியமா பேசுற?"

"பஞ்சர் ஒட்டுறவரு தூங்குறாரு வாப்பா."

வீரையன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. போனை வைத்த ரிஃப்காவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

"சிரிக்காதீங்கண்ணே. இத்தனை நாளா நீங்க சொன்னது?"

"எல்லாம் இந்த மாதிரிதான் பாப்பா." அவர் சிரிப்பை விழுங்கினார். "புதுசா கட்டுற பாலத்துக்குப் பெரிய கர்டர் தூக்கி வச்சாங்கல்ல, ஒரு கிரேனு இந்தப் பக்கம், ஒரு கிரேனு அந்தப் பக்கம்? ரெண்டு இடது செருப்பு அன்னைக்குத்தான். பல்வலி அன்னைக்கு ஒரு சாரைப்பாம்பு சட்டையை உரிச்சுகிட்டு இருந்துச்சு. பாதியில எப்படி வர்றது?"

"அதையே சொல்லியிருக்கலாமே?"

"நின்னு பார்த்துகிட்டு இருந்தேன்னு சொல்றதா? வேலைக்கு வர்ற ஆளு சொல்ற காரணமா அது? பொண்டாட்டிகிட்டயே சொன்னதில்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாவு வீடு மட்டும் நெசம்" என்றார். "பெரியப்பா இன்னும் இருக்காரு."

கத்தல் நின்றிருந்தது. இருவரும் சட்டென்று திரும்பினார்கள். குருவி கரையில் இறங்கியிருந்தது. நாலடி ஓடும், நிற்கும், தலையைச் சாய்க்கும். மறுபடி நாலடி. முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்று வெகுநேரம் பார்த்தது. குருவி அலகால் ஒரு கல்லை நகர்த்தியது. பிறகு வயிற்றுச் சிறகை உப்பிக்கொண்டு, இப்படியும் அப்படியும் அசைந்து, மெதுவாக உட்கார்ந்தது.

வீரையன் தன்னை அறியாமல் கைகூப்பிவிட்டார். ரிஃப்கா வாய்க்குள் "அல்லாஹ்" என்றாள். கீழே வாய்க்கால் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. ஜாஃபர் சாதிக் தானே வாள் எடுத்துப் பைப் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்தது கோணலாகப் போயிருந்தது. பிளம்பர் அரவிந்தன் அதைப் பிடித்துக்கொண்டு கடுப்பில் நின்றான்.

"என்னப்பா வீரையா, இன்னைக்கு என்ன?" என்றார் வாப்பா.

வீரையன் ரிஃப்காவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தார். பொய் சொல்லும்போது தங்குதடை இல்லாமல் வருகிற பேச்சு, உண்மையைச் சொல்லும்போது திக்கித் திக்கித்தான் வந்தது. குருவி சிறகை விரித்ததை இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். வாப்பாவின் கையில் வாள் அப்படியே நின்றது. சிமெண்டு வாங்க வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குழியில் முட்டையை வைத்தது வரைக்கும் வந்துவிட்டு வீரையன் முதலாளி கையிலிருந்த வாளை வாங்கக் கை நீட்டினார். வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது.

"யோவ், உட்கார்ந்துச்சா இல்லையா?" என்று அரவிந்தன் அதட்டினான்.

"உட்கார்ந்துச்சு தம்பி" என்றார் வீரையன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வாப்பா மகளைப் பார்த்தார். ஸ்கூட்டர் டயரைப் பார்த்தார்.

அதற்குப் பிறகும் வீரையன் தாமதமாகத்தான் வருகிறார். காரணம் மட்டும் உண்மையாகிவிட்டது. உம்மாவுக்கு முதலில் அது பிடிக்கவில்லை, பொய்யே நன்றாக இருந்தது என்றாள். பிறகு அவளும் பழகிக்கொண்டாள்.

சம்பா கதிர் வாங்கிய கார்த்திகையில் ஒரு நாள் பத்து மணிக்கு மேல் வந்தார். வாப்பா கல்லாவில் இருந்தார்.

"நெல்லு பூத்திருக்கு முதலாளி."

"நெல்லு பூக்குமா?"

"பூக்கும். பால் கதிருக்கு முன்னாடி. வெயில் ஏறும்போது உமி வாயைத் திறக்கும், உள்ளேருந்து வெள்ளையா நூலு மாதிரி வெளிய தொங்கும். கொஞ்ச நேரம்தான், மூடிக்கும். வயல் முழுக்க ஒரே நேரத்துல திறந்துச்சு. அந்த வாசனையை எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

இருபது வருஷம் வளைகுடாவில் மணலைப் பார்த்துவிட்டு வந்தவர் ஜாஃபர் சாதிக். மற்ற நாளெல்லாம் நெல் விளைகிற ஊர்களின் நடுவே போய்வந்தவர். அவர் கல்லாவின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று கேட்டார்.